கோட்டுக்கு ஒரு ரோஜா

அண்ணனின் வலது கை கோட்டுக்குள் நுழைய மறுத்தது. உயிர் போன உடம்பு விறைத்துவிட்டது.

"மல்லுக்கட்டாத மக்கா. கோட்ட முதுகுல கீறி ரெண்டு பாதியா மாட்டணும்" என்று சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை கத்தரிக்கோலை நீட்டினார்.

தங்கப்பழம் வாங்கிக்கொண்டான். அவர்கள் தெருவுக்கே ஒரே கோட்டு அது. ஆறு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தாறில், பெத்துராஜ் அண்ணன் தன் கல்யாணத்துக்கு அதைப் போட்டு, நெஞ்சில் சிவப்பு ரோஜா குத்தி, அம்பாசடர் காரிலிருந்து இறங்கியபோது தெருவே வாய் பிளந்தது. அண்ணனின் பழைய சட்டையில் சோடாப் பெட்டி தூக்கி நின்ற தம்பியை ஒருவரும் பார்க்கவில்லை.

வருகிற தையில் தங்கப்பழத்துக்குக் கல்யாணம். போன மாதம் வெட்கத்தை விட்டுக் கோட்டைக் கேட்டான்.

"ஏலே, ஒட்டகச்சிவிங்கிக்குக் கோட்டு கேக்குதோ? அதுல பூ வேறயா?" என்று அண்ணன் சிரித்தான். மதினி ஞானக்கிளியும் சேர்ந்து சிரித்தாள். அன்றோடு அவன் அண்ணனிடம் பேச்சை விட்டான். அப்புறம் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கஞ்சி கொண்டுபோய் வைத்தான்; அப்போதும் பேசவில்லை.

"கல்யாணக் கோட்டுலதான் அவுகள அடக்கம் பண்ணணும்" என்று காலையில் மதினி சொல்லிவிட்டாள். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கத்தரிக்கோல் கீழிருந்து காலர்வரை நேராக ஓடியது. எனக்கு இல்லாதது இனி யாருக்கும் இல்லை என்று மனசுக்குள் ஒன்று சொன்னது. அதைக் கேட்டு அவனே பயந்துபோனான்.

மாட்டி முடித்தபோது கோட்டின் கை மணிக்கட்டைத் தாண்டி, பாதி உள்ளங்கையை மூடியிருந்தது.

"காமாலையில ஆளு குறுகிட்டாரோ?" என்றார் கோயில்பிள்ளை.

மாலையோடு வந்து நின்ற டெய்லர் சுயம்புலிங்கம் முகம் மாறினார்.

"அவரு குறுகல. நாந்தான் போன மாசம் கோட்டுக் கைய ஒண்ணரை இஞ்ச் எறக்கிவிட்டேன். 'தம்பி நெட்டை, அண்ணாச்சி. கல்யாணத்தன்னிக்குத்தான் குடுக்கணும், வீட்டுல ஒருத்தர்ட்டயும் சொல்லிராதீய'ன்னாரு."

மதினி சுயம்புலிங்கத்தையே பார்த்தாள். அவளுக்கும் இது புதுசு.

"காலரப் பாரு மக்கா. முன்ன அதுல காஜா ஓட்டை கெடையாது. அவரு கல்யாணத்தன்னிக்குப் பூரா குண்டூசி நெஞ்சுல குத்திக்கிட்டே கெடந்துச்சாம். 'அவனுக்காவது பூச்சொருக ஒரு காஜா எடுத்து வைங்க'ன்னாரு."

மதினி ரோஜாவையும் குண்டூசியையும் அவனிடம் நீட்டினாள். புது நூல் பளபளத்த காஜாவில் காம்பு சுலபமாக இறங்கியது. இதையும் அண்ணன்தான் முதலில் போட்டுக்கொண்டான்.

தங்கப்பழம் கோட்டின் கைகளை ஒண்ணரை அங்குலம் உள்ளே மடித்துவிட்டான். பழைய மடிப்பின் தடத்திலேயே அவை நின்றன.

பெட்டியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். கையில் மிஞ்சிய குண்டூசியை எங்கே வைப்பதென்று தெரியாமல், அவன் அதைத் தன் சட்டையில், இடது பக்கம், குத்திக்கொண்டான்.