முதலில் அடித்த பெயின்ட்

கருமம், கருமம்! படகின் அடிப்பலகைகளைப் பெயர்த்ததுமே நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. செத்த எலி, அழுகின மீன், எந்தக் காலத்துத் தண்ணீரோ, எல்லாம் சேர்ந்து கருப்பாகக் கொழகொழவென்று கிடந்தது. அதைக் கையால் அள்ளும் பாக்கியம் வீட்டு மருமகளுக்கு. அந்த இடுக்குக்குள் நுழைகிற உடம்பு அவளுக்குத்தான் இருக்கிறதாம். அவள் கணவனும் கொழுந்தனும் தொப்பையைத் தடவிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார்கள்.

பழைய படகைப் பழுதுபார்க்கிற எவனும் முதலில் உள்ளே திறந்து பார்ப்பான். இந்த மகராசன்கள் முதலில் வெளியே நீலப் பெயின்ட் அடித்தார்கள். அடித்த கையோடு போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டார்கள். ஒன்றுவிட்ட அத்தைவரை எல்லோரும் 'சூப்பர்' என்றதும் உச்சி குளிர்ந்து இன்னொரு கோட். அப்புறம் பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் தங்கள் அம்மாவின் பெயர். நாளைக்கு ஆற்றில் இறக்கப்போகிறோம், முதல் சவாரி நம் குட்டிப் பெண்ணுக்குத்தான் என்று சொந்தக்காரர்களை வேறு கூப்பிட்டாயிற்று; பாதிப் பேர் இன்றைக்கே வந்தும் இறங்கிவிட்டார்கள். உள்ளே நாறுகிறது என்று அந்தக் குட்டிப் பெண், அவள் மகள், மூக்கைப் பொத்தியதால்தான் இன்றைக்குப் பலகையே பெயர்ந்தது.

வாளி பாதி நிறைந்தபோது பக்கப்பலகை அவள் விரலுக்கு மெத்தென்று பட்டது. நகத்தால் கீறினாள். ஊறிய ரொட்டி போல உதிர்ந்து வந்தது.

"இங்க பலகை மக்கிப்போய்க் கெடக்கு!" என்று கத்தினாள்.

"அண்ணி, நீங்க அழுக்க மட்டும் எடுங்க. மரத்த நாங்க பாத்துக்கறோம்," என்றான் கொழுந்தன்.

"எப்பப் பாத்தீங்க? பெயின்ட் அடிக்கறப்பவா?"

"அதான் மேல கனமா பட்டிப் பசை அப்பி மூடியிருக்கோம்ல," என்றான் கணவன். "வந்தவங்க முன்னாடி மானத்த வாங்காத."

அவள் கை அப்படியே நின்றது. "அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும்?"

"கொஞ்சம் மக்கல் எந்தப் படகுலதான் இல்ல?"

தூ! தெரிந்தேதான் பிள்ளையை உட்காரவைக்கப் பார்த்தார்கள். வெளியே மாமியார் வந்தவர்களுக்குத் தன் பெயரைக் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தாள். மகள் படகின் மேல் எக்கிக் கேட்டாள்: "அம்மா, நாளைக்கு நான் எந்தப் பக்கம் உக்காரணும்?"

அவள் விரலை அந்த மெத்தென்ற இடத்தில் வைத்துப் பலமாக அழுத்தினாள். மக்கின மரம் விட்டது. கனமாக அப்பியதால் உள்ளே காயாமலிருந்த பட்டிப் பசையும் பிதுங்கிக்கொண்டு விட்டது. சேறு வழியும் விரல் ஒன்று மாமியாரின் பெயருக்கு நடுவே வெளியே வந்து நின்றது.

"அடப்பாவிகளா, என் பேருலயாடா ஓட்ட?" என்றாள் மாமியார்.

கணவன் பதறிக்கொண்டு ஓடிவந்தான். "ஐயையோ, பெயின்ட் போச்சேடி!"

அத்தனை எலியையும் மீனையும் அள்ளியபோது வராத வாந்தி, அந்த ஒரு பேச்சுக்கு வந்தது. வாளியிலேயே எடுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே ஏறி வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் மகளின் கையைப் பிடித்தாள்.

"சீ, ஒன் கை நாறுதும்மா," என்றாள் மகள்.

"நாறட்டும். நீ வா."