அப்பா மூடாத ஆட்டம்

‘மரண அறிவித்தல்’ என்று அடித்து, அதன் கீழே அப்பாவின் பெயரைத் தொடங்குவதற்குள் ஹம்சினிக்குத் திரை பூட்டிக்கொண்டது. கத்தாரிலிருந்து அண்ணன் விஜிதரன் அதே கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டான். அவள் போனை எடுத்தாள்.

“அண்ணே, நான்தான் அடிச்சுக்கிட்டு இருக்கேன்ல. எறங்கு.”

“நீ எறங்கு. லீவு தரமாட்டேன்னுட்டான். கொள்ளி வைக்கத்தான் கொடுத்து வைக்கல. நோட்டீஸையாவது நான் அடிக்கிறேன்.”

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

மலையகத்து நோர்வூட் பஜாரில் அப்பா அழகையாவின் போட்டோகொப்பிக் கடையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அப்பா, அண்ணன், அவள் மூவருக்கும் அதில் தனித்தனிக் கணக்கு. கடைக்கு வரும் பெரிய வேலைகளை அண்ணன் அங்கிருந்தே நெட் வழியாக இணைந்து செய்துகொடுப்பான். அவன் வந்தால் இங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் திரை பூட்டிவிடும். அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. “மகன் வந்துட்டான்” என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த வீட்டுக்குப் பிளேன்டீ குடிக்கப் போவார். முந்தாநாள் சாயங்காலமும் அப்படித்தான் போனார். பாதிக் கோப்பையோடு சாய்ந்தவர் எழவில்லை.

பெரியப்பா செல்லசாமி கடைக்குள் எட்டிப் பார்த்தார். “மூணு மணிக்குத் தூக்கிருவோம். அதுக்குப் பொறகு யாருக்கும்மா ஒட்டுறது?”

“இந்தா ஆச்சு பெரியப்பா.”

ஆகவில்லை. “போட்டோ தொறக்கவே மாட்டேங்குது,” என்றான் அண்ணன். “அப்பா கணக்கு இன்னும் தொறந்து கெடக்கு, அதான் இழுக்குது. உள்ள போயி என்னா இருக்குன்னு பாரு. சும்மா மூடினா அழிஞ்சிரும்.”

அப்பா ஒருநாளும் கணக்கை மூடியதில்லை. கேட்டால், “திரும்பி வரத்தானே போறேன்” என்பார்.

பாஸ்வேர்ட் அம்மாவின் பெயர். திரை திறந்தது. பச்சைப் பின்னணியில் சீட்டுகள் வரிசையாக விரிந்து கிடந்தன.

“என்னா இருக்கு?”

“சீட்டாட்டம். ‘வேல கெடக்கு, தொந்தரவு பண்ணாதீங்க’ன்னு ஒக்காந்திருப்பாருல்ல, இதுதான் அந்த வேல.”

அண்ணன் சிரித்துவிட்டான். உள்ளே ஒப்பாரி கேட்டுக்கொண்டிருக்க, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஜெயிப்பாரா?”

“கறுப்பு ஏழு வந்தா ஜெயிச்சிருவாரு.”

அவள் கை மவுஸ்வரை போய்த் திரும்பியது. “மூடவா?”

“வேணாம். மெதுவா ஓடினா ஓடட்டும். நீ எறங்கு.”

திரை பூட்டியது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். வெளியே பனிமூட்டம் இறங்கி, எதிர்க்கடையை மறைத்து, மறுபடி விலகியது. ஒருவழியாகப் பிரிண்டர் தானாக உறுமியது. கறுப்புக் கரை போட்ட தாளில், நெற்றியிலிருந்து தொடங்கி, அப்பாவின் முகம் மெல்ல இறங்கி வந்தது.

வாசலில் அம்மா தனலெட்சுமி நின்றாள். சூடு ஆறாத தாளை வாங்கிப் பார்த்தாள்.

“யாரு அடிச்சா?”

“அண்ணன்.”

“வந்துட்டானா,” என்றாள் அம்மா. முகம் கொஞ்சம் தெளிந்தது.

தப்பு மேளச் சத்தம் தொடங்கியது. அண்ணன் வேலை முடிந்து வெளியேறிவிட்டான். ஹம்சினியும் தன் கணக்கை மூடி, பழக்கத்தில் மெஷினை அணைக்கப் போனாள். வேறொருவர் இன்னும் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், இப்போது அணைத்தால் அவருடைய வேலை அழிந்துபோகலாம் என்றது திரை.

அவள் அணைக்கவில்லை. மொனிட்டர்மேல் தூசித் துணியைப் போர்த்திவிட்டு, நோட்டீஸ் கட்டையும் பசை வாளியையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.