ஒச்சாண்டியின் கோவேறு கழுதை

8.10.1974, செவ்வாய்.

நேற்று எழுதியதில் ஒரு தவறு. எங்கள் ஏலக்காய்க் கடைக்கு மலையிலிருந்து சுமை இறக்கும் ஒச்சாண்டி, அறுபத்தைந்தாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் எதிரிகளைச் சுட்டவர் என்று எழுதிவிட்டேன். அவரைக் கேட்காமல் எழுதியது. போடியில் எல்லாரும் 'பட்டாளத்தார்' என்று சொல்வதால் நானாக முடிவு செய்துகொண்டேன்.

இன்று காலை குரங்கணி ஏற்றத்தில் அவருடைய கோவேறு கழுதை சறுக்கி விழுந்தது. முன்னங்கால் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது. மூட்டைகளைச் சரிபார்க்க நானும் மேலே போயிருந்தேன். முதலாளி சண்முகராஜ் தோட்டத்துக் காவல் துப்பாக்கியை வரவழைத்து ஒச்சாண்டியிடம் நீட்டினார்.

"பட்டாளத்தான் நீ இருக்கையில வேற ஆளு எதுக்கு? சீக்கிரம் முடி. வலி தாங்காமத் துடிக்குது."

ஒச்சாண்டி வாங்கவில்லை. அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, "படுத்துக்க ஆத்தா, படுத்துக்க" என்று காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டிருந்தார்.

இன்னொரு கழுதைக்காரரான தவசி சிரித்தார். லாயத்துக் கூரைத் தகராறில் இருவருக்கும் போன வருஷத்திலிருந்து பேச்சு கிடையாது. அதனால் முதலாளியிடம்தான் சொன்னார்.

"பாகிஸ்தான்காரனச் சுட்டவுகளுக்குக் கழுதையச் சுடக் கை நடுங்குது, மொதலாளி!"

"பாகிஸ்தான்காரன நான் கண்ணால கண்டதில்லலே" என்றார் ஒச்சாண்டி. "பட்டாளத்துக் கழுதையில குண்டும் மாவும் மலைக்கு ஏத்திக்கிட்டுப் போனவன் நான். சுட்டது மூணு கழுதை. மூணும் அடுத்தவனோடது. தன் உருப்படியத் தானே சுடக்கூடாது, பக்கத்து ஆளுதான் சுடணும். எங்க ஆளுக வச்சுக்கிட்ட வழக்கம் அது. என்னோடதுக்கு அன்னைக்கு அந்தக் கதி வரல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மூட்டைகளைப் பார்த்தேன்.

ஒச்சாண்டி எழுந்து துப்பாக்கியை வாங்கினார். தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தவசியிடம் நீட்டினார்.

"இங்கன பக்கத்து ஆளு நீதான்லே."

"எனக்குச் சுடத் தெரியாதுண்ணே."

"நான் காட்டுறேன்."

இந்தக் கண்ணிலிருந்து அந்தக் காதுக்கு, அந்தக் கண்ணிலிருந்து இந்தக் காதுக்கு என்று கழுதையின் நெற்றியில் விரலால் இரண்டு கோடு இழுத்து, அவை வெட்டும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு தவசிக்குப் பின்னால் வந்து, கழுதையின் கயிற்றை மட்டும் கையில் பிடித்தபடி பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஒரே சத்தம். தவசி துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வாந்தி எடுத்தார். ஒச்சாண்டி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உன்னோடதுக்கு நான் இருக்கேன்."

"ஏண்ணே, எங்கழுதைக்கு என்ன கேடு? நல்ல வாய் வச்சீக!"

ஒச்சாண்டி சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த நேரம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அங்கே பாறை நிலம். இருவரும் மாறி மாறி வெட்டியும் பாதிக் குழிதான் ஆகியிருக்கிறது. கழுதையைத் தழையால் மூடி வைத்திருக்கிறார்கள். நான் இறங்கி வந்து சேர்வதற்குள் என் சாயங்கால டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்துவிட்டது.

நாளை காலை இரண்டு கடப்பாரையும் குழியில் தூவ ஒரு மூட்டை சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு குரங்கணிக்குப் போக வேண்டும்.