உடும்புக்கு ஒரு காலி மனை

உடும்பு பதினெட்டு நாளாக எதையும் தொடவில்லை. முட்டை வைத்தோம், கரப்பான் விட்டோம், செத்த எலி வைத்தோம். கண்ணாடிக் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தது.

“என் அருவிய பாத்து மயங்கிப் போச்சு. அதான் பசிக்கல,” என்றார் தனசிங் அண்ணன்.

கூண்டின் பின்சுவர் முழுக்க அவர் வரைந்த அருவி. கீழே இரண்டு மான், மேலே ஆரஞ்சுச் சூரியன். இதே அருவியைத் தாம்பரத்துக்கும் படப்பைக்கும் இடையில் நான்கு கல்யாண மண்டபங்களிலாவது பார்க்கலாம். டிசம்பரில் சர்ச்சுகளுக்குக் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். சாக்கைச் சிமென்ட் பாலில் நனைத்து மலை செய்வார். மற்ற மாதங்களில் அதே சாக்கும் சிமென்ட்டும் எங்கள் காப்பகத்துப் பாறைகளாகும்.

படப்பை சாலையில் இருக்கும் சின்ன இடம் அது. அடிபட்ட பாம்பு, ஆமை, உடும்புகளை அனுமதி வாங்கி வைத்துப் பார்க்கிறோம். நான் நான்கு வருடம் கால் சென்டரில், அமெரிக்காவில் யார் வீட்டு இன்டர்நெட்டோ வேலை செய்யாததற்கு இரவு முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு நாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள். இங்கே வேலை பகலில். விலங்குகள் பேசுவதில்லை. அதனால் சேர்ந்தேன்.

இந்த உடும்புக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. திரும்ப வெளியே விட முடியாது. திங்கட்கிழமை டாக்டர் எடை பார்த்தார். “சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள சாப்பிடலேன்னா டியூப்லதான் குடுக்கணும். தாங்குமான்னு தெரியல,” என்றார்.

காப்பகத்தை நடத்தும் ஹில்டா மேடம் ஓய்வு பெற்ற உயிரியல் டீச்சர். “காட்டுல எப்படி இருக்குமோ அப்படியே பண்ணு வித்யா. போய் அப்சர்வ் பண்ணு, நோட்ஸ் எடு.”

“எந்தக் காட்டுல மேடம்?”

“அது எங்கேருந்து வந்துதோ, அங்க.”

பதிவேட்டைப் புரட்டினேன். முடிச்சூர். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டிய காலி மனை.

மறுநாள் காலை தனசிங் அண்ணனின் வண்டியில் போனோம். இரண்டு சீமைக்கருவேல மரம், ஒரு கரையான் புற்று, இடித்துக் கொட்டிய செங்கல், உடைந்த சிமென்ட் குழாய், கவிழ்ந்து கிடந்த இரண்டு வெஸ்டர்ன் கமோட். அவ்வளவுதான் காடு.

“இன்னாம்மா, சிங்கம் வருமா?”

“உக்காருங்கண்ணா.”

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தோம். வெயில் ஏறியதும் ஒரு கமோடின் பின்துளையிலிருந்து தலை ஒன்று வந்தது. நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு முழு உடும்பும் இறங்கிச் செங்கல் மேல் படுத்தது. நான் காலை மடக்கியதும் செங்கல் இடுக்கு ஒன்றில் புகுந்தது. அங்கிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து மறுபடி கமோடுக்கு. அது புகுந்த இடமெல்லாம் முதுகும் வயிறும் உரசுகிற அளவுதான். எங்கள் கூண்டில் அண்ணன் கட்டிய குகையில் நானே படுக்கலாம்.

“பெத்லகேம் சைஸுல கட்டிட்டேன் போல,” என்றார் அவர்.

லோடு ஆட்டோ வரவழைத்தோம். இரண்டாவது மாடி பால்கனியில் பனியனோடு ஒருவர் தோன்றினார். சத்யநாராயணன் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

“குப்பை எடுக்கத்தானே வந்திருக்கீங்க? அப்பாடா! மூணு வருஷம் ஆச்சு சார்!”

நாங்கள் செங்கலைத் தட்டிப் பார்த்துப் பொறுக்குவதை அவர் மேலிருந்து மேற்பார்வையிட்டார். குழாய் ஏறியது. காலியாக இருந்த கமோட் ஏறியது. ஆட்டோ கிளம்பியதும் கத்தினார். “ஹலோ! அந்த இன்னொரு கமோட்?”

“அதுல ஆள் கீது சார்!” என்றார் தனசிங் அண்ணன்.

புதன்கிழமை கூண்டை மாற்றினோம். குகையை உடைத்து இடுக்கு இடுக்காகச் செங்கல் அடுக்கினேன். மேலே சூட்டு விளக்கு. அருவியை அழிக்கச் சொன்னேன். அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். பிறகு அருவியின் உச்சியில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வரைந்தார். அருவி நிரம்பி வழியும் தொட்டியாயிற்று. மான்கள் இரண்டும் ஸ்கூட்டர்களாயின. ஓரத்தில் ஒரு பால்கனி, அதில் பனியனோடு ஒருவர்.

“அவர் எதுக்குண்ணா?”

“மேடம் அப்படியே வேணும்னாங்கல்ல?”

மேடம் வந்து நெடுநேரம் பார்த்தார்.

“வித்யா, இது கமோட்.”

“கழுவிட்டோம் மேடம்.”

“நான் காடுன்னு சொன்னேன்.”

“எங்கேருந்து வந்துதோ அங்கன்னும் சொன்னீங்க.”

“வித்யா பகல்ல தூங்கிக்கினு இருந்த ரூம் மாதிரியே கீது மேடம்,” என்றார் அண்ணன். “சுத்தி இருட்டு. யாரும் கூப்பிடக் கூடாது.”

உண்மைதான்.

“சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் இந்தக் கமோட் இங்க இருக்கக் கூடாது,” என்றார் மேடம்.

வியாழக்கிழமை உடும்பை விட்டோம். கமோடுக்குள் போனது, போனதுதான். வெள்ளிக்கிழமை ஒன்பது தடவை போய்ப் பார்த்தேன். முட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. அண்ணன்கூடக் கிண்டல் செய்யவில்லை.

சனிக்கிழமை டாக்டர் டியூபோடு வந்தார். மூவரும் கதவோரம் நின்றோம். விளக்கின் சூடு செங்கலில் ஏறியதும் துளையிலிருந்து தலை வந்தது. மூன்று காலில் இறங்கி, நேராக முட்டைக்குப் போய், அப்படியே முழுங்கியது. மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், விட மறந்துவிட்டார்.

எடை பார்க்க டாக்டர் கூண்டைத் திறந்தார். உடும்பு கமோடுக்குள் பாய்ந்தது. வாலடியைப் பிடித்தார். அது உடம்பை உப்பிக்கொண்டு உள்ளே இறுகிக்கொண்டது. பத்து நிமிடம் போராடிவிட்டுச் சட்டை நனைந்து வெளியே வந்தார்.

“எடையெல்லாம் வேண்டாம். நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப கமோட்?” என்றார் மேடம்.

“உடைச்சா எடுக்கலாம். உடைக்கட்டுமா?” என்றார் டாக்டர்.

மேடம் டியூபை எடுத்து டாக்டரின் பையில் வைத்தார். சாயங்காலம் தன் டீச்சர் கையெழுத்தில் பலகை எழுதி மாட்டினார்: ‘இது குப்பை அல்ல. உடும்பின் வீடு.’

அடுத்த ஞாயிறு, அண்ணன் கூப்பிட்டதால் சத்யநாராயணன் மனைவியோடு வந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் கால் மணி நேரம் தேடினார்.

“உடும்பு எங்கம்மா? ஒண்ணும் தெரியலையே?”

“நமக்குத் தெரியாம இருந்தாத்தான் சார் அது சாப்பிடுது.”

“நான் மட்டும் நல்லாத் தெரியறேன்.” சுவரை முறைத்தார். “எனக்கு இவ்ளோ தொப்பை கிடையாது.”

அவர் மனைவி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அப்படியே இருக்கு,” என்றார்.