ஆபீசரின் பின்னங்காலும் அப்பாவின் அரை மாத்திரையும்

எங்கள் சலவைக்கடையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா, இன்னொருவர் ஆபீசர். காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இருவருக்கும் இன்சுலின். அப்பாவுடையது பிரிட்ஜ் கதவில் சிவப்பு டப்பாவில் இருக்கும்; ஆபீசருடையது நீல டப்பாவில்.

ஆபீசர் ஒரு பூனை. ஆறு கிலோ எடை, சாம்பல் நிறம், சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டதுபோல் வெள்ளை மார்பு. யாரோ துவைக்கப் போட்ட கூடையோடு குட்டியாக வந்தது. வாங்க வந்தவர்கள் துணியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. பெயர் வைத்தது மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. இஸ்திரி மேசை அவருடைய ராஜ்யம். இயந்திரங்கள் அப்பாவின் பொறுப்பு. துணியைப் பிரித்து எண்துண்டு குத்துவது அம்மா. மடிப்பதும் பூனைக்கு ஊசி போடுவதும் நான்.

ஆபீசருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் போக்கே மாறிவிட்டது. அதுவரை வீட்டில் அவர் ஒருவர்தான் அளந்து சாப்பிட வேண்டியிருந்தது. இப்போது ஒரு பங்காளி கிடைத்துவிட்டான். எனக்கு நூற்றைம்பது, அவனுக்கு முன்னூறு என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். தன் கால் மரத்துப்போனால் ஆபீசரின் காலையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். தனக்குத் தாகமெடுத்தால் அதன் கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றுவார். அந்த நேரம் பார்த்து அதற்கும் தாகமாகத்தான் இருக்கும். இப்படி நாலு தடவை சரியாகப் பொருந்தியதும் அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தனக்கு ஒத்துக்கொள்வது எதுவானாலும் ஆபீசருக்கும் ஒத்துக்கொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் வந்தன. ஆபீசர் மேல்தட்டிலிருந்து அந்தக் குவியலை நோக்கிக் குதித்தது. சக்கரத்தை யாரும் பூட்டியிருக்கவில்லை. வண்டி நகர்ந்து, பின்னங்கால் ஒன்று வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு கத்தல். மாமா வண்டியை இழுத்ததும் ஆபீசர் மூன்று காலில் ஓடி, அழுக்குத் தலையணை உறைகள் கிடந்த கூடைக்குள் புகுந்து சுருண்டுகொண்டது.

பூனை டாக்டரின் கிளினிக்குக்கு அம்மா போன் செய்தாள். டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் வருவார், அதுவரை வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள் என்றார்கள். அம்மா அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அப்பா காதிலும்தான்.

ஏழு மணிக்கு ஆபீசர் எதையும் சாப்பிடவில்லை. சாப்பிடாத பூனைக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் நீல டப்பாவை நான் தொடவில்லை. அப்பா தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, ஏதோ கொஞ்சம் விழுங்கிவிட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். ஆபீசர் கத்தவில்லை. மூச்சு விடும்போது மட்டும் மெல்ல முனகியது. அந்த முனகலைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எட்டு மணி போலப் பூனையை எடுத்துப்போகும் பெட்டியைத் தேடி, கடைக்குப் பின்னாலேயே இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் போனேன். மேசையில் அப்பாவின் முட்டிவலி மாத்திரை அட்டை கிடந்தது. அதில் ஒரு குழிக்குள் அரை மாத்திரை. அப்பா எப்போதும் முழுசாகத்தான் போடுவார். பக்கத்துக் கிண்ணத்தில் ஆபீசருக்கு வேகவைத்த மீன், ஒரு துண்டு குறைவாக. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். நேரமாகிவிட்டது, கிளம்பு என்று மட்டும் சொன்னார்.

கிளினிக்கில் சுவரோரமாக ஆறு நாற்காலிகள், தரையோடு ஒரு எடைமேடை, மூக்கைப் பிடிக்கும் மருந்து வாசனை. டாக்டர் ஒரு பெண், சின்ன உருவம். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, அதையே மேசையில் தேடுகிறவர். ஆபீசரைத் துண்டில் சுற்றி, காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். முன்னூற்று முப்பது. வலியும் பயமும் சேர்ந்தால் பூனைக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்றார். காலைத் தொட்டதும் ஆபீசர் தனக்குத் தெரிந்த வசவையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை. தசைநார் இழுபட்டு வீங்கியிருந்தது. அப்பா பெருமூச்சு விட்டார்.

பிறகு டாக்டர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல டாக்டர்," என்றார் அப்பா.

எனக்கு வெளியாட்கள் முன்னால் குரல் எழும்பாது. கடைக்கு யாராவது வந்தால் சீட்டை நீட்டுவேன்; பேச அம்மா வருவாள். அதிலும், அப்பா சொன்னது பொய் என்று ஆகிவிடும்படி நான் எதையும் பேசியதே இல்லை. டாக்டர் மருந்து எடுக்க அலமாரியைத் திறந்தார். ஆபீசர் துண்டுக்குள்ளிருந்து கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது.

"அரை மாத்திரை குடுத்தாங்க," என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அப்பாவோட முட்டிவலி மாத்திரை. மீனுக்குள்ள வச்சுக் குடுத்தாங்க."

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். பாரசிட்டமால்தான். நெற்றியில் இருந்த கண்ணாடி கண்ணுக்கு இறங்கிவிட்டது.

"அது பூனைக்கு விஷம்ங்க. உயிர் போறதுக்கு அரை மாத்திரையே போதும்."

நம் ஈரல் அந்த மாத்திரையைச் சமாளித்துவிடும், பூனையின் ஈரலால் முடியாது, ரத்தமே கெட்டுப் பழுப்பாகிவிடும் என்று அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. அப்பா முகம் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. ஆபீசரின் தலைமேல் வைத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"எனக்குக் குடுக்கிறதுதானே டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி."

"வியாதி ஒண்ணுதான். உடம்பு வேறங்க."

டாக்டர் ஆபீசரின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ரோஜா நிறமாகத்தான் இருந்தது. கொடுத்து எவ்வளவு நேரமாச்சு என்றார். ஒன்றரை மணி நேரம் என்றார் அப்பா. விழுங்கியதைக் கண்ணால் பார்த்தீர்களா என்றார். மீனை வாயில் வாங்கி மென்றதைப் பார்த்ததாகவும், அதற்குள் கடை மணி அடித்ததால் போய்விட்டதாகவும் அப்பா சொன்னார். உள்ளே போயிருந்தால் இரண்டு மூன்று நாள் இங்கேயே வைத்துத் தொடர்ந்து முறிவு மருந்து ஏற்ற வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிக்கொண்டே டாக்டர் முறிவு மருந்தை எடுத்து வைத்தார்.

பூச்சி மாத்திரை கொடுக்கிற நாட்களில் ஆபீசர் செய்யும் வித்தை எனக்குத் தெரியும். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு சாதுபோல உட்கார்ந்திருக்கும். ஆள் நகர்ந்ததும் துப்பிவிடும். அம்மாவுக்குப் போன் செய்து, தலையணை உறைக் கூடையில் தேடச் சொன்னேன்.

அந்த உறைகளை மாமா அப்போதுதான் இயந்திரத்துக்குள் போட்டிருந்தார். மூடியைச் சாத்திவிட்டார், பொத்தானை அழுத்தவில்லை. அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் கடையில் வெள்ளைத் துணியில் வெள்ளைப் பொத்தான் தொலைந்தால் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. கறுப்புக் கோட்டு ஒன்றை மேசையில் விரித்து, ஒவ்வொரு துணியாக அதன்மேல் புரட்டி உதறுவோம். அறுபது உறைகள். போனை மேசையிலேயே வைத்துவிட்டார்கள். உதறுகிற சத்தம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர், அப்பா, நான் மூவரும் அதையே கேட்டுக்கொண்டு நின்றோம். முப்பதுக்கு மேல் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"கிடைச்சிருச்சு," என்றாள் அம்மா. "மீன் நாத்தம் அடிக்குது."

டாக்டர் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அம்மா அட்டையில் இருந்த பாதியையும் கொண்டுவந்து, கறுப்புக் கோட்டின்மேல் இரண்டையும் சேர்த்து வைத்து அனுப்பினாள். உடைந்த இடம் அச்சாகப் பொருந்தியது. எச்சில் பட்ட பாதியில் ஓரம் மட்டும் லேசாகக் கரைந்திருந்தது. அப்பா அந்தப் படத்தைக் கண்ணுக்கு அருகில், தூரத்தில், மறுபடி அருகில் வைத்துப் பார்த்தார். கூடவே மாமா ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்: "அத்தான், அடுத்த தடவை கலர் மாத்திரையா குடுங்க. தேட வசதியா இருக்கும்."

நக்கிய அளவைக்கூட அலட்சியமாக விடக்கூடாது என்று டாக்டர் முறிவு மருந்து ஒரு தடவை போட்டார். கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ரத்தம் எடுத்துக்கொண்டார். மதியம் இரண்டு மணி வரை இங்கேயே வைத்து ஈறின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்.

வலிக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் சட்டென்று வற்றும், ஆனால் சர்க்கரை கூரைமேல் ஏறிவிடும். இவனுக்கு அது வேண்டாம் என்றார். பூனைகளுக்கென்றே வீக்கத்துக்கு ஒரு திரவ மருந்து இருந்தது. நல்ல மருந்துதான். ஆனால் கிட்னிக்குச் சுமை, அதுவும் சாப்பிடாமல் தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் சர்க்கரைக்காரப் பூனைக்கு. ரத்த முடிவு வந்து, நன்றாகச் சாப்பிடவும் ஆரம்பித்த பிறகு யோசிக்கலாம் என்று அதையும் உள்ளே வைத்துவிட்டார். கடைசியில் ஊசி இல்லாத குட்டி சிரிஞ்சுகளில் ஒவ்வொரு சொட்டாக வேறொரு வலி மருந்தை அளந்து எடுத்தார். அதன் பெயரை அப்பா மூன்று தடவை சொல்லிப் பார்த்தும் நாக்கில் நிற்கவில்லை.

"கன்னத்துக்குள்ள, ஈறு மேல விடணும். முழுங்க வச்சா வேலை செய்யாது," என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "சர்க்கரையை ஏத்தாது, கிட்னிக்கும் பாரம் இல்ல. கொஞ்சம் மப்பா இருப்பான், பயப்படாதீங்க."

தன் முட்டிக்கும் ஒரு சொட்டு ஆகுமா என்று அப்பா கேட்கவில்லை. கேட்கத் தோன்றியது என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம் என்றார் டாக்டர். மாலை ஏழு மணிக்கு வழக்கமான சாப்பாட்டில் பாதியாவது சாப்பிட்டால் இன்சுலின் பாதி அளவு போடலாம். சாப்பிடாவிட்டால் போடாமல் தனக்குப் போன் செய்ய வேண்டும். அப்படியானால் மறுபடி இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கும். ஊசியும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் இந்தப் பூனை ஒரு நாளுக்கு மேல் தாங்காது.

இரண்டு மணிக்கும் ஈறு ரோஜா நிறமாகவே இருந்தது. கடை வேனில் திரும்பினோம். கடைசித் திருப்பத்தில் அப்பா வாயைத் திறந்தார்.

"இனிமே நான் பொய் சொன்னா, இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு."

கிளம்பும்போது டாக்டரே விட்ட முதல் சொட்டு மருந்து மூன்று மணிக்குள் தன் வேலையைக் காட்டியது. ஆபீசரின் கண்மணிகள் கோட்டுப் பொத்தான் அளவுக்கு விரிந்துவிட்டன. உலகத்தில் யார்மேலும் அதற்குக் கோபம் இல்லை. இஸ்திரி மேசையின் காலைக் கட்டிக்கொண்டு கொஞ்சியது. யாரோ ஒரு வக்கீலின் சட்டையை முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் பிசைந்தது. தள்ளுவண்டியின் சக்கரத்துக்கே ஒரு முத்தம் கொடுத்தது. இந்தச் சொட்டில் இரண்டு தன் அக்காவுக்கும் கிடைக்குமா என்று மாமா விசாரித்தார். அம்மா கையிலிருந்த எண்துண்டுகளைக் கட்டோடு அவர்மேல் எறிந்தாள்.

ஏழு மணிக்கு அப்பா கிண்ணத்தில் மீனை எடுத்துக்கொண்டு வந்தார். ஆபீசர் அவர் கணுக்காலில் உரசிக் குழைந்தது. மீனை மோந்து பார்த்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு துண்டை நீட்டினார். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் நீட்டினேன், அம்மா நீட்டினாள். மப்பிலும் அதற்கு ஞாபகம் போகவில்லை. இந்த வீட்டு மீனுக்குள் என்ன இருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. டப்பா உணவைத் திறந்து வைத்தோம். அதையும் சந்தேகப்பட்டு ஒதுங்கிப் போனது.

மணி ஏழேகால். டாக்டருக்குப் போன் செய்துவிடலாம் என்று அம்மா போனை எடுத்தாள். கொஞ்சம் பொறு என்றார் அப்பா.

முட்டியைப் பிடித்துக்கொண்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாகத் தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஒரு மீன் துண்டை ஆபீசரின் மூக்குக்கு நேராகப் பிடித்து இரண்டாகப் பிய்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டு மென்றார். உப்பில்லை, காரமில்லை, ஆறிப்போன மீன். முகம் கோணாமல் விழுங்கினார். மறு பாதியைக் கீழே வைத்தார்.

ஆபீசர் அவர் வாயையே பார்த்தது. கிட்டே வந்து அவர் உதட்டை மோந்தது. அப்புறம் குனிந்து கீழே இருந்த பாதியை எடுத்துக்கொண்டது.

"இன்னொண்ணு," என்றார் அப்பா வாய் நிறைய மீனோடு.

அடுத்த துண்டையும் பிய்த்தார். அவர் ஒரு பாதி, அது ஒரு பாதி. நாங்கள் மூவரும் சுற்றி நின்று எண்ணினோம். ஏழாவது துண்டுக்கு மேல் தன்னால் முடியாது என்று அப்பா கையைக் காட்டினார். ஆனால் அதற்குள் ஆபீசர் கிண்ணத்துக்குள்ளேயே தலையை விட்டிருந்தது.

பாதிக்கு மேல் காலியானதும் நான் நீல டப்பாவைத் திறந்தேன். பாதி அளவு. சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிக் கோடுகளை எண்ணினேன். அம்மாவிடம் கொடுத்து அவளையும் எண்ணச் சொன்னேன். தோளுக்கு மேலே தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டபோது ஆபீசர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் விரல்களில் ஒட்டியிருந்த மீனை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கும் சாப்பாடு ஆச்சு," என்று அம்மா சிவப்பு டப்பாவை அப்பாவிடம் நீட்டினாள். "போட்டுக்கிட்டு எந்திரிங்க."

போட்டுக்கொண்டார். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மாமா ஒரு கையையும் அம்மா இன்னொரு கையையும் பிடித்து இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, நாலாவது முயற்சியில்தான் அப்பா தரையை விட்டுக் கிளம்பினார். ஆபீசர் காலி கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் ஒழுங்காக வேலை செய்கிறோமா என்று பார்த்தது.