அருந்தப்பு

சிவலிங்கத்துக்கு வாயை மூடத் தெரியாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, சுவிஸில், ஷாஃப்ஹவுசன் அகதி முகாமில் எங்களோடு இருந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. நித்திரையிலும் கதைப்பான். பகலில் இரண்டு பேரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம், அங்கேயும் கதைதான். சமையல்காரர் டொச்சு மொழியில் ஏசுவார், இவன் சிரித்த முகத்தோடு தமிழில் திருப்பி ஏசுவான். அப்படிப்பட்டவன் கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போனபோது அறை செத்த வீடு போலக் கிடந்தது.

அவன் அங்கே போய்ச் சேர்ந்த அதே வருடம், ஒரு செப்டெம்பர் சனிக்கிழமை விடியக்காலையில் தொலைபேசி அடித்தது. ஊரில் யாருக்கும் ஏதும் நடந்துவிட்டதோ என்று பதறியடித்து எடுத்தேன்.

“மச்சான் தவா, இஞ்ச ஒரு விளையாட்டு இருக்கடா. ஃபுட்போல் எண்டுறாங்கள், ஆனா கையாலையும் குத்துறாங்கள். பந்து முட்டை மாதிரி. இண்டைக்கு ஃபைனல். கேள், சொல்லுறன்.”

சொல்லத் தொடங்கினான். முடியும்வரை நிறுத்தவில்லை. இரண்டு கரையிலும் நாலு நாலு கம்பங்கள். நடுவில் நிற்கும் உயரமான இரண்டுக்கும் இடையால் உதைத்தால் கோல், ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கு இடையால் போனாலும் ஒரு புள்ளி கொடுப்பார்களாம்.

“பிழையா அடிச்சதுக்கும் புள்ளியோடா?” என்று கேட்டேன்.

“ஓமடா. எனக்கு அதாலதான் இந்த விளையாட்டைப் பிடிச்சது.”

அந்த ஒற்றைப் புள்ளிக்கு அருந்தப்பு என்று பெயர் வைத்தான். ஊரில் பஸ் உரசிக்கொண்டு போய், ஆள் மயிரிழையில் தப்பினால் சொல்வோமே, அதே அருந்தப்பு. அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஏன் இந்தப் பைத்தியம், இந்த விசர் என்று ஒருமுறை கேட்டேன். அவன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். ஒரு திங்கட்கிழமை பக்கத்து மெஷினில் நின்ற கிழவன், “நீ எந்த ரீம்?” என்று கேட்டான். இவனுக்கு ஒரு அணியின் பெயரும் தெரியாது. “உன்ரை ரீம்தான்” என்று அடித்துவிட்டான். கிழவன் கையைப் பிடித்துக் குலுக்கி, தேநீர் நேரத்தில் தங்களுடைய மேசைக்குக் கூட்டிப் போனான். “எந்த நாடு, எப்ப வந்தனீ, எப்ப போவாய் எண்டு ஒருத்தனும் கேக்கேல்லை மச்சான். எந்த ரீம் எண்டுதான் கேட்டாங்கள்” என்றான். இங்கே நான் அப்போது விசா அலுவலகத்துப் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாழாய்ப்போன ரீம் எப்போதும் தோற்கும். ஆனாலும் அது என் ரீமும் ஆகிவிட்டது. அவன் அனுப்பிய கம்பளி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன். ஐஸ் ஹொக்கி விசர் பிடித்தவன் என்று பஸ்ஸில் நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்குள் ஒரு சண்டை மட்டும் தீரவே இல்லை. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனாலும் கோல் இல்லையாம், அருந்தப்புத்தானாம். நானும் ஊரில் உதைபந்தாட்டம் ஆடியவன். கம்பத்தில் பட்டு உள்ளே போனால் அது கோல், கதை முடிந்தது. வருடா வருடம் நான் “கோல்!” என்று துள்ளுவேன். வருடா வருடம் அவன், “விசரா, கம்பத்தில பட்டதடா!” என்று ஏசுவான்.

இந்த ஏப்ரலில் அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. வேறு எதையும் எடுத்திருக்கலாம், அந்த வாயாடியிடம் போய்ப் பேச்சையா எடுப்பது? முருகனோடு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

“எல்லாம் விளங்குது தவா அண்ணை, சொல்லுத்தான் வருதில்லை” என்று அவன் மனைவி பவதாரணி தொலைபேசியில் அழுதாள். “பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோனா வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறார். மாட்ச் போட்டா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புறார். இப்பிடியே விட்டா இனிக் கதைக்கவே மாட்டார் எண்டு பயமாக் கிடக்கு.”

எனக்கும் அதே பயம்தான். அந்தக் குரலை இனி ஒருநாளும் கேட்க மாட்டேனோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

செப்டெம்பரில் எங்கள் ரீம், எந்தச் சாமி கண் திறந்ததோ, ஃபைனலுக்கு வந்துவிட்டது. நான் பவதாரணிக்குத் தொலைபேசி அடித்தேன். “தங்கச்சி, ரிவி போடவேண்டாம். போனை அவன்ரை காதடியில வை. இந்த முறை நான் சொல்லுறன்.”

விடியக்காலை குசினி மேசையில் கணினியை வைத்து மாட்சைப் போட்டு, மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெளிக்கவில்லை. அவன் சொல்லிக் கேட்டே பழகிய எனக்கு, சொல்லிப் பழக்கமில்லை. நா தடுமாறியது. பந்து போகிற வேகத்துக்கு எனக்கு வாய் வரவில்லை. “அந்த நெடுவல் பிடிச்சிட்டான் மச்சான்… இல்லை, விட்டிட்டான்… ஐயோ, மற்றவன் கொண்டுபோறான்…” மறுபக்கத்தில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இடையிடையே பவதாரணி, “கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார் அண்ணை” என்றாள். எனக்கு மனம் விட்டுப் போயிற்று. ஆனாலும் நிறுத்தவில்லை. அவன் ஒருநாளும் நிறுத்தியதில்லையே.

என் மனைவி கலாவதி எழும்பி வந்தாள். “இஞ்சாருங்கோ, மெல்லமாக் கத்துங்கோ. கீழ்வீட்டு மனிசி பொலிசுக்கு அடிக்கப்போறா.”

“அடிக்கட்டும்!” என்றேன்.

கடைசி நிமிடங்கள். நாங்கள் நாலு புள்ளி பின்னுக்கு நின்றோம். எங்கள் பொடியன் ஒருவன் பந்தைப் பிடித்தான். ஓடினான். உதைத்தான். பந்து சுழன்று சுழன்று போய் உயரக் கம்பத்தில் ‘டங்’ என்று பட்டு உள்ளே விழுந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. கதிரை பின்னால் விழ எழும்பி நின்று கத்தினேன்.

“கம்பத்தில பட்டு உள்ளுக்கு, கோல்! கோலடா சிவா! வெண்டிட்டம்!”

கீழ்வீட்டு மனிசி தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தாள். கலாவதி என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் மறுபக்கத்தில் ஏதோ முனகல் கேட்டது. இருமுகிறானாக்கும் என்று நினைத்தேன்.

“வி…”

“என்னப்பா? தண்ணி வேணுமோ?” இது பவதாரணி.

“வி…ச…ரா.”

கலாவதி பிடித்திருந்த கையை விட்டாள்.

“கம்…பம்” என்றது அந்தக் குரல். தடித்துப்போய், இழுபட்டு வந்தது. ஆனால் அவனுடைய குரல்தான். அதே கோபம்தான். “அ…ருந்…தப்பு.”

திரையில் நடுவர் ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சைரன் ஊதியது. தோற்றுப்போனோம். யாருக்கு வேண்டும் அந்தக் கப்?

பவதாரணி விம்மி விம்மி அழுதாள். “அண்ணை, அவரைக் கதைக்க வைக்கவெண்டு வேணுமெண்டோ பிழையாச் சொன்னனீங்கள்?”

“இல்லைத் தங்கச்சி. சத்தியமா எனக்கு அது கோல்தான்.”

“விசரா” என்றான் சிவலிங்கம். இம்முறை சொல் முழுதாகவே வந்தது.

கலாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

“இன்னொருக்காச் சொல்லடா” என்றேன்.

சொன்னான்.