மகாலட்சுமியின் கை

காலை ஐந்து மணிக்கே காட்டூர் சலவைக்கூடத்தின் தகரக் கூரைக்குக் கீழே வெக்கை ஏறிவிடும். நான்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஆபரேஷன் அறைத் துணிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். முதல் மூட்டையை அவிழ்ப்பவள் சகாயம்மாள். ரத்தம் பட்டதைப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும். மடிப்புக்குள் ஊசி கிடக்கும். வாரத்துக்கு ஒரு ஜோடி கையுறை, அதுவும் புதன்கிழமைக்குள் நுனி கிழிந்துவிடும். ப்ளீச்சிங் தண்ணீர் விரலிடுக்கை அரித்துவைத்திருப்பதால், பாலக்கரை வீட்டுக்குப் போய்க் குழம்புச் சோற்றில் கை வைக்கும்போது கண்ணில் நீர் வந்துவிடும். பதினோரு வருடமாக இப்படித்தான்.

வேலைக்கு முன்னால் ஒரு ஜெபம் உண்டு. முதலாளி ராஜ்மோகன் தேவாலயத்தின் பங்குப் பேரவையில் இருப்பவர். கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுப்பார். யாருக்காவது காய்ச்சல் என்றால் பெயர் சொல்லி மன்றாடுவார். அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதியில் சிவப்பு நாடா வைத்து வேதப் புத்தகத்தைக் கொடுப்பார். எட்டாவது வரை படித்த சகாயம்மாள் அதைச் சத்தமாக வாசிப்பாள். பொறுமை, கீழ்ப்படிதல், உள்ளதைக் கொண்டு நிறைவடைதல். நாடா பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் கிடக்கும். ருக்ஸார், மகாலட்சுமி எல்லாரும் சேர்ந்து பன்னிரண்டு பெண்கள் தலைகுனிந்து நிற்பார்கள். எந்தச் சாமி என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. மிஷின் சத்தம் இல்லாத பத்து நிமிடம் அது.

தை மாதம் ஐந்தாவதாக ஓர் ஆஸ்பத்திரி சேர்ந்தது. ஆள் கூடவில்லை. ஈர விரிப்புகளை இழுத்துக் காயவைத்துத் தேய்த்துத் தள்ளும் ரோலர் மட்டும் ஓயாமல் ஓட வேண்டியதாயிற்று. அதன் வாயில் ஓர் இரும்புத் தடுப்பு இருந்தது. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். துணியின் மடிப்புப் பட்டாலும் நின்றது. சூப்பர்வைசர் சிவசங்கர் ஒருநாள் ஸ்பேனரைக் கொண்டுவந்து அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான். ராஜ்மோகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சகாயம்மாளும் பார்த்தாள்.

"அக்கா, இது இல்லாம பயமா இருக்கே" என்றாள் ரோலரில் நிற்கும் மகாலட்சுமி.

"பாத்துப் போடும்மா" என்றாள் சகாயம்மாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் விரிப்போடு மகாலட்சுமியின் வலது கையும் உள்ளே போயிற்று. சுவிட்ச் எதிர்ச்சுவரில் இருந்தது. ருக்ஸார் ஓடிப்போய் அணைப்பதற்குள் கூடம் முழுக்க ஒரு வாடை பரவிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் நான்கு விரல்களை எடுத்தார்கள். கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் நாள் ராஜ்மோகன் சகாயம்மாளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். அவசரத்துக்காகத் தடுப்பை மகாலட்சுமியே கழற்றினாள் என்று அதில் டைப் செய்திருந்தது.

"திங்கக்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார், சகாயம். கூடத்த மூடினா பன்னிரண்டு குடும்பமும் தெருவுல நிக்கும். நீ கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் போடுவாங்க."

"அந்தப் புள்ள கழட்டலையே சார்."

"அவளுக்கு நான் செய்யாமலா விடுவேன்? தினமும் அவளுக்காக ஜெபிக்கிறேன்." பேனாவை எடுத்து நீட்டினார். "யாழினி நர்சிங்ல ரெண்டாவது வருஷம்தானே? அங்க பிரின்சிபல் சிஸ்டர்கிட்ட நான்தான் சொல்லி சீட் வாங்கிக் குடுத்தேன். நல்லாப் படிக்கட்டும்."

மகளின் பெயர் காதில் விழுந்ததும் சகாயம்மாள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேரும் போட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மகாலட்சுமியைப் பார்க்கப் போனாள். அவளும் பாலக்கரைதான், நாலு சந்து தள்ளி. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் கூந்தலை அள்ளிச் சொருகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடி சரிந்து சரிந்து விழுந்தது. சகாயம்மாள் பின்னால் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். பாதிச் சடை பின்னியிருப்பாள்.

"அக்கா, நான்தான் கழட்டினேன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்களாமே?"

"எழுதல. கையெழுத்துப் போட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

அதில் கோபம்கூட இல்லை. சகாயம்மாள் சடையைப் பின்னி முடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் ஞாயிறு பூசையில், அவரவர் சிலுவையை முணுமுணுக்காமல் சுமக்க வேண்டும் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். இத்தனை வருடம் அவளைத் தேற்றிய பேச்சு அது. அன்றைக்கு வேறொன்று தோன்றியது. அந்தச் சிலுவையை யாரோ அறுத்து இழைத்துச் செய்திருக்கிறார்கள். யாரோ கொண்டுவந்து தோளில் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, யாரும் நாடா வைத்துக் கொடுக்காமல், தானாகவே நற்செய்தியைப் புரட்டினாள். ஓய்வுநாளில் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்கு வந்திருந்த, கை சூம்பிய ஒருவனின் கதையில் கண் நின்றது. அவன் பெயர் அதில் இல்லை. கை எப்படிச் சூம்பியது என்றும் இல்லை. என்ன வேலை பார்த்தானோ, எதில் கையைக் கொடுத்தானோ! இயேசு அவனை எழுப்பி எல்லார் முன்னாலும் நிறுத்துகிறார். உயிரைக் காப்பது சரியா, அழிப்பது சரியா என்று கூட்டத்தைக் கேட்கிறார். கூட்டம் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் கோபம் வருகிறது. சகாயம்மாள் புத்தகத்தை மூடினாள். கூட்டத்தில் ஒருத்தியாக அங்கே தானும் நின்றிருந்ததுபோல் உடம்பு கூசியது.

திங்கட்கிழமை விடிகாலை ராஜ்மோகன் வழக்கம்போல் புத்தகத்தை நீட்டினார். நாடா கிடந்த பக்கத்தைத் தாண்டிப் புரட்டினாள். சூம்பிய கைக்காரனின் கதையை முழுதாக வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மகாலட்சுமிய இங்க கூப்பிட்டு நிறுத்தணும் சார். இன்ஸ்பெக்டர் அவ கைய பாக்கட்டும். தடுப்ப கழட்டினது சிவசங்கர் சார். நீங்க நின்னீங்க. நானும் நின்னேன்."

ராஜ்மோகன் முகம் மாறவில்லை. "அந்தக் கதைக்கு ஆன்மிக அர்த்தம் இருக்கு, சகாயம். உனக்குப் புரியாது."

"கை ஆன்மிகமா சார்? நாலு வெரல் போயிருக்கு. ஜெபத்துல அது திரும்ப மொளைக்காது, எனக்குத் தெரியும். பொய் சொல்லாமலாவது இருக்கலாம்ல? நான் போட்ட கையெழுத்த திருப்பிக் குடுங்க."

"அது வெள்ளிக்கிழமையே போயாச்சு." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வேலை செய்யறவங்க உள்ள போங்க. மத்தவங்க வெளிய போங்க."

ருக்ஸார்தான் முதலில் கையுறையைக் கழற்றினாள். "எனக்கும் தூக்கம் வரலக்கா" என்றாள். பிறகு ஒருத்தி, இன்னொருத்தி. சகாயம்மாளோடு ஏழு பேர் வெளியே வந்தார்கள். நான்கு பேர் தரையைப் பார்த்தபடி உள்ளே போனார்கள். அவர்களைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. வாசலில் நின்றவர்கள் கூப்பிட்டும் நிற்காமல் உள்ளே போயிற்று. அரை மணி நேரத்தில் திரும்பிப் போயிற்று. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். அங்கே இருந்தவர் வாங்கிப் படித்துவிட்டு, "நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு நீங்களே இல்லைங்கறீங்களே" என்றார். சித்திரையில் வரச் சொல்லி ஒரு தேதி எழுதிக் கொடுத்தார். அன்று இரவு யாழினி ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். சிஸ்டர் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டாள். சகாயம்மாள் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள் யாழினி. அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று சகாயம்மாளுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஏழு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சொல்லியனுப்பாமலே மகாலட்சுமியும் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சகாயம்மாளின் பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்தரைக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் புதுப் பெண்கள் வந்தார்கள். கேட் திறக்கக் காத்திருக்கும்போது ஜன்னலோரம் இருந்த ஒருத்தி கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டாள்.

"எதுலங்க ஆச்சு?"

வேலையைப் பறிக்க வந்தவள் என்று ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது சகாயம்மாளுக்கு. அந்தப் பெண்ணின் தோளில் கிழிந்த துண்டும், மடியில் சோற்றுத் தூக்கும் இருந்தன. சகாயம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோலர்ல, கண்ணு. வாயில இரும்புத் தடுப்பு இருக்கணும். செவுத்தோரம் சாத்தி வச்சிருக்காங்க. அத மாட்டச் சொல்லிட்டுக் கை வைங்க. எல்லாரும் சேந்து சொல்லுங்க."

"ஏய், வண்டிய எடுடா!" என்று சிவசங்கர் உள்ளிருந்து கத்தினான். வேன் உள்ளே போயிற்று. கேட் சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பாய்லர் சீறியது, தண்ணீர் விழுந்தது, கடைசியில் ரோலரும் ஓடத் தொடங்கியது. தடுப்போடு ஓடுகிறதா, இல்லாமல் ஓடுகிறதா என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

ருக்ஸார் சாலையோரம் துப்பட்டாவை விரித்து மகாலட்சுமியை உட்காரவைத்தாள்.

"நாளைக்கும் வேன் வரும்ல அக்கா?"

"வரும்."

"அப்ப நாளைக்கும் சொல்லுவோம்."

எட்டுப் பேரும் கேட்டுக்கு எதிரே நெருக்கி உட்கார்ந்தார்கள்.